முன்பாரமும் பின்பாரமும்
(மின்சார வண்டியில் மின்கலத்தின் எடையும் இடமும்)

வண்டியில் பாரம் ஏற்றுவதும் ஒரு கலையே. நெல் மூட்டை ஏற்றும் மாட்டு வண்டிக்காரர்களைக் கவனித்தவர்கள் இதனை அறிவர். மூட்டைகளை ஏற்றி முடித்தவுடன் வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிட மாட்டார். முதலில் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். அது அதிகமாகக் கனத்தால் 'முன்பாரம்' என்பார். அப்படியே ஓட்டினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். நுகம் தானாகவே மேலெழுந்தால் 'பின்பாரம்' என்பார். அப்படியே ஓட்டினால் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். எனவே ஒரு மூட்டையை ஒரு முழம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துவார். மூட்டைகளின் எண்ணிக்கை மாறவில்லை. மொத்தப் பாரமும் மாறவில்லை. ஆயினும் வண்டியின் ஓட்டம் மாறிவிடுகிறது.

பெட்ரோல் வண்டியை மின்சார வண்டியாக மாற்றுவோர்க்கும் இதுவே முதற்பாடம். இயந்திரப் பொறியியல் மாணவர்களாகிய நாங்கள் சிலர் பணிமனையில் பழைய மாருதி 800 ஒன்றை மின்சார வண்டியாக மாற்றி வருகிறோம் என்பது நம் சங்க நண்பர்கள் பலருக்குத் தெரியும். எஞ்சின் கழற்றப்பட்டுவிட்டது, மோட்டாரும் வந்துவிட்டது, மின்கலம் இன்னும் வாங்கவில்லை. எத்தனை வாங்குவது, எங்கே வைப்பது என்று விரைவில் முடிவு செய்தாக வேண்டும். வண்டியைப் பார்க்க வரும் நண்பர்கள் அனைவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் போகும்? காசியிலிருந்து பிரயாகைக்குப் போய்த் திரும்பும்படி இன்னும் நான்கு பாட்டரியைச் சேர்த்துவிடக் கூடாதா?"

அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். பொறியியல் பயிலாதவர்களும் இதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மின்கலம் ஏன் கனக்கிறது?

மின்சாரத்தை அளக்க நம் வீட்டு மீட்டரில் உள்ள 'யூனிட்' என்னும் அளவையே எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி.

ஒரு கிலோ பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 12 யூனிட் வெப்பம் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றே கூடுதலாகவோதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அப்படியும் கிலோவுக்கு 2,500 வாட்-மணி தேறிவிடும்.

இனி ஈய-அமில மின்கலத்தைப் பார்ப்போம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு மின்கலம் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். 12-ஐ 100-ஆல் பெருக்கினால் 1,200 வாட்-மணி. அதாவது கிலோவுக்கு 40. இது காகிதக் கணக்கு. நடைமுறையில் இரண்டு கழிவுகள் உண்டு. முதலாவது, அந்த 100 ஆம்பியர்-மணி என்பது பல மணி நேரம் சிறிது சிறிதாக எடுத்தால் கிடைப்பது. வண்டி கேட்பதுபோல் ஒரு மணி நேரத்தில் இழுத்தால் கணிசமாகக் குறையும். இரண்டாவது, அடிவரை வடித்தெடுத்தால் ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் மிகக் குறுகிவிடும். இவ்விரண்டையும் கழித்தால் கிலோவுக்கு 20 முதல் 25 வாட்-மணியே கைக்கு வரும். நாம் 22 என்று கொள்வோம்.

இன்று கிடைக்கும் லிதியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில், இரும்புப் பெட்டி, கம்பி, காவல் மின்சுற்று ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும், கிலோவுக்குச் சுமார் 110 வாட்-மணி உண்டு. அதில் 90 வாட்-மணியை அச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, ஒரு கிலோவில் சக்கரத்துக்குப் பயன்படும் ஆற்றல் பெட்ரோலில் 2,500, லிதியத்தில் 90, ஈயத்தில் 22. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்தால் மின்சார வண்டியின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். 1959-இல் அமெரிக்காவில் 'ஹென்னி கிலோவாட்' என்ற பெயரில் ஒரு மின்சார வண்டி வெளிவந்தது. அது பிரெஞ்சு நாட்டு ரெனோ டோஃபின் என்னும் சிறு வண்டியை மாற்றியமைத்ததே. மாற்றியமைத்தவர்கள் மோட்டாரைக் கண்டு அஞ்சவில்லை. அவர்களைக் கட்டிப்போட்டது ஈயத்தின் கனமே.

வண்டி எவ்வளவு சுமக்கும்?

ஒவ்வொரு வண்டிக்கும் அதைச் செய்தவர்கள் விதித்த உச்ச எடை ஒன்று உண்டு. வண்டி, ஆட்கள், சாமான், எரிபொருள் ஆகிய யாவும் சேர்ந்து அதனைத் தாண்டலாகாது. ஸ்பிரிங், அச்சு, டயர், பிரேக் ஆகிய அனைத்தும் அந்த எடையை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. எஞ்சினைக் கழற்றி மோட்டாரைப் பொருத்திவிட்டதனால் இந்த வரம்பு உயர்ந்துவிடாது. பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

மாருதி 800-இன் வெற்று எடை சுமார் 650 கிலோ. உச்ச எடை சுமார் 1,000 கிலோ. கணக்கை எளிதாக்கச் சில முழு எண்களை எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின், ரேடியேட்டர், புகைக்குழாய், பெட்ரோல் தொட்டி, அதிலுள்ள பெட்ரோல் யாவும் போனால் 120 கிலோ குறைகிறது எனக் கொள்வோம். மோட்டார், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, கனத்த செப்புக் கம்பிகள் வந்தால் 60 கிலோ கூடுகிறது எனக் கொள்வோம். அப்போது மின்கலம் இல்லாத வண்டியின் எடை 590 கிலோ. ஓட்டுபவரையும் சேர்த்து நால்வர். ஆளுக்கு 65 கிலோ வீதம் 260 கிலோ. கைப்பைகளுக்கு 20 கிலோ. மொத்தம் 870.

ஆயிரத்தில் 870 போக எஞ்சுவது 130 கிலோ. இதுதான் மின்கலத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய இடம்.

சிறு வண்டி ஒன்று நகரத்தில் மிதமான வேகத்தில் ஓடக் கிலோமீட்டருக்குச் சுமார் 100 வாட்-மணி வேண்டும். 130 கிலோ ஈய-அமில மின்கலம் 2,860 வாட்-மணி தரும். வண்டி 28 கிலோமீட்டர் ஓடும். அதே 130 கிலோ லிதியம் 11,700 வாட்-மணி தரும். வண்டி ஏறக்குறைய 117 கிலோமீட்டர் ஓடும்.

இப்போது பிரயாகைக் கேள்விக்கு வருவோம். போக 120, வர 120. மொத்தம் 240 கிலோமீட்டர். வழியில் தேவைப்படும் சேமிப்பு எதையும் சேர்க்காமலே 24,000 வாட்-மணி வேண்டும். ஈயத்தில் அதற்கு 1,090 கிலோ மின்கலம் வேண்டும்! வண்டியின் உச்ச எடையையே மின்கலம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. லிதியத்தில் 267 கிலோ போதும். ஆனால் 590-உம் 267-உம் சேர்ந்தால் 857. மீதி 143 கிலோ. இருவர் ஏறலாம், மூன்றாமவர் ஏறினால் வரம்பு மீறிவிடும். நால்வர் போக நினைத்த யாத்திரையில் இருவரை வீட்டில் விட்டுவிட்டு, அவர்களுடைய இருக்கையில் மின்கலத்தை உட்கார வைத்து அழைத்துப் போகிறோம் என்பதே இதன் பொருள்.

இது நம் வண்டிக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'ஈ.வி. 1' என்னும் வண்டியின் முதல் வகையில் 26 ஈய-அமில மின்கலங்கள் இருந்தன. அவற்றின் எடை மட்டும் 500 கிலோவுக்கு மேல். அவ்வளவு பெரிய நிறுவனம், முதலிலிருந்தே மின்சாரத்துக்கென்று வரைந்த வண்டி; ஆயினும் அதில் இருக்கை இரண்டே. நம் நாட்டில் பெங்களூரில் உருவாகி 2001-இல் விற்பனைக்கு வந்த 'ரேவா' வண்டியில் ஆறு வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் எட்டு இருந்தன. அதிலும் பெரியவர்கள் இருவர்தாம் வசதியாக அமரலாம்; பின்னிருக்கை குழந்தைகளுக்கே பொருந்தும். மின்கலம் முதலில் தின்பது பயணியின் இடத்தையே.

மேலும், எடை எடையை வளர்க்கும். சமதளத்தில் சீராக ஓடும்போதே ஒவ்வொரு 100 கிலோ கூடுதல் பாரத்துக்கும் கிலோமீட்டருக்கு மூன்று நான்கு வாட்-மணி கூடுதலாகச் செலவாகும். நின்று நின்று கிளம்பும் நகர வீதியில் இன்னும் அதிகம். ஆகவே, பத்து மின்கலம் இருபதானால் தூரம் சரியாக இருமடங்கு ஆகாது.

ஒரே எடை, இரண்டு வண்டிகள்

எவ்வளவு என்பதைப் பார்த்தோம். இனி எங்கே என்பதைப் பார்ப்போம். கட்டுரையின் உயிர்நாடி இதுவே.

மாருதி 800-இல் எஞ்சின் முன்னே இருந்தது. இழுப்பதும் முன் சக்கரங்களே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2,175 மில்லிமீட்டர். 650 கிலோவில் முன் அச்சு 390-உம் பின் அச்சு 260-உம் தாங்குவதாகக் கொள்வோம். அதாவது நூற்றுக்கு 60-க்கு 40. எஞ்சின் போய் மோட்டார் வந்தபின் முன்னே 350, பின்னே 240. மொத்தம் நாம் மேலே கண்ட 590.

130 கிலோ மின்கலத்தை எங்கே வைப்பது? எல்லோர்க்கும் முதலில் தோன்றும் இடம் டிக்கி. காலியாக இருக்கிறது, மூடியைத் திறந்து இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் டிக்கியின் நடுப்பகுதி பின் அச்சுக்குச் சற்றுப் பின்னால், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது எனக் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி பின் அச்சில் ஏறும் பாரம் 130 அன்று, 142. முன் அச்சிலிருந்து 12 கிலோ தூக்கப்பட்டுவிடுகிறது. இப்போது முன்னே 338, பின்னே 382. நூற்றுக்கு 47-க்கு 53. முன்பார வண்டி பின்பார வண்டியாகிவிட்டது.

இதே 130 கிலோவை இரண்டாகப் பிரிப்போம். 65 கிலோவை எஞ்சின் இருந்த அறையில், முன் அச்சுக்கு மேலே வைப்போம். மீதி 65 கிலோவைப் பின்னிருக்கையின் அடியில், முன் அச்சிலிருந்து 1,800 மில்லிமீட்டர் தூரத்தில் வைப்போம். பின்னதில் 54 கிலோ பின் அச்சுக்கும் 11 கிலோ முன் அச்சுக்கும் போகும். இப்போது முன்னே 426, பின்னே 294. நூற்றுக்கு 59-க்கு 41. பெட்ரோல் வண்டியாக இருந்தபோது இருந்த அதே விகிதம்!

நால்வர் ஏறினால் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். பெட்ரோல் வண்டியில் நால்வர் ஏறியபோது பின் அச்சு தாங்கியது சுமார் 434 கிலோ. மின்கலம் பிரித்து வைத்த வண்டியில் நால்வர் ஏறினால் 468. டிக்கியில் வைத்த வண்டியிலோ 556. பின் ஸ்பிரிங்கின்மேல் 122 கிலோ கூடுதல். அதே மின்கலம், அதே மோட்டார், அதே நால்வர்; இடம் மட்டுமே வேறு.

வளைவில் நடப்பது என்ன?

"பின்னே கொஞ்சம் கனத்தால் என்ன?" என்று கேட்கலாம். நேர்ச்சாலையில் மெதுவாக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. வளைவு வரும்போதுதான் தெரியும்.

வண்டி வளையும்போது ஒவ்வொரு டயரும் சாலையைப் பக்கவாட்டில் பற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப் பற்றும்போது டயர் தான் நோக்கும் திசையில் சரியாகப் போகாமல் சிறிதளவு சறுக்கிக் கோணலாகப் போகும். பாரம் அதிகம் உள்ள பக்கத்தில் இந்தக் கோணல் அதிகம். முன் சக்கரங்களில் கோணல் அதிகமானால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாது. இதைக் குறைதிருப்பம் எனலாம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். அல்லது வேகத்தைக் குறைத்தால் போதும். பின் சக்கரங்களில் கோணல் அதிகமானால், வண்டியின் வால் வெளிப்புறம் வீசும்; நாம் திருப்பியதைவிட அதிகமாக வண்டி திரும்பிக்கொள்ளும். இதை மிகைதிருப்பம் எனலாம். இதில் வண்டி திரும்பத் திரும்ப இன்னும் திரும்பும். ஓட்டுபவர் உடனே எதிர்ப்புறம் திருப்பித் திருத்தாவிட்டால் வண்டி சுழன்றுவிடும்.

குறைதிருப்ப வண்டி பிழை பொறுக்கும். மிகைதிருப்ப வண்டி பொறுக்காது. சாதாரண மக்கள் ஓட்டும் வண்டிகளைக் குறைதிருப்பமாகவே பொறியாளர்கள் அமைப்பதற்குக் காரணம் இதுதான். டிக்கியில் மின்கலத்தைக் குவிக்கும்போது நாம் அறியாமலே அந்தப் பாதுகாப்பைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். மழை பெய்து வழுக்கும் சாலையில், இரவில், எதிரே லாரி வரும்போது அது தெரியவரும். பின் இருக்கையில் அமர்ந்து பாடிக்கொண்டு வரும் நண்பர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் விளைவில் முழுப் பங்கு உண்டு.

மின்கலம் பின்னே கனத்தால் முன் சக்கரம் இலேசாகும் என்பதை நேரில் பார்க்க விரும்புவோர் நம் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே நிற்கும் மின்சார ரிக்ஷாக்களைக் கவனிக்கலாம். பலவற்றில் பயணிகளின் இருக்கைக்கு அடியில் நான்கு ஈய-அமில மின்கலங்கள் இருக்கும். அதன்மேல் ஆட்களும் நிறைந்து, பின்னால் மூட்டையும் தொங்கும்போது மேட்டில் ஏறினால் ஒற்றை முன் சக்கரம் சாலையை மெல்லத் தொட்டுக்கொண்டு போவது தெரியும். மெதுவாகப் போவதால் அது தப்பிக்கிறது. நம் வண்டி அந்த வேகத்தில் போகப்போவதில்லை.

உயரம்

முன்பின் மட்டுமின்றி மேல்கீழும் உண்டு. வளைவில் வண்டி வெளிப்புறம் சாயும். உட்புறச் சக்கரங்களிலிருந்து பாரம் வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. மின்கலத்தை அடித்தளத்தை ஒட்டி 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் முழு வண்டியின் ஈர்ப்பு மையம் சுமார் 48 சென்டிமீட்டரில் இருக்கும் எனக் கொள்வோம். அதே மின்கலத்தை டிக்கியில் அடுக்கி 75 சென்டிமீட்டரில் நிறுத்தினால் மையம் 56-க்கு உயர்ந்துவிடும். புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு விசை பக்கவாட்டில் தாக்கும் ஒரு வளைவில், தாழ்வாக வைத்த வண்டியில் மாறும் பாரம் 115 கிலோ. உயர வைத்ததில் 135 கிலோ. மின்கலம் கனமானது என்பதே, தாழ வைத்தால் நமக்கு நன்மை. இன்று புதிதாக வரையப்படும் மின்சார வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மின்கலம் தரைக்கு அருகே பலகைபோல் பரப்பப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. ஈ.வி. 1-இல் நடுத்தண்டிலும் இருக்கைக்குப் பின்னும் தாழ்வாக வைத்ததும், ரேவாவில் முன்னிருக்கைக்கு அடியில் வைத்ததும் இதை உணர்ந்தே.

காவடிக் கணக்கு

மின்கலத்தை முன்னும் பின்னும் பிரித்து வைக்கச் சொன்னேன். அப்படியானால் ஒரு பாதியை முன் பம்பர் ஓரத்திலும் மறு பாதியைப் பின் பம்பர் ஓரத்திலும் வைக்கலாமா? தராசுக் கணக்குக்கு அதுவும் சரியாகவே வரும். ஆனால் வண்டி திரும்ப மறுக்கும்.

நீண்ட தண்டின் இரு முனையிலும் குடம் தொங்கவிட்டுத் தண்ணீர்க் காவடி சுமப்பவரைப் பாருங்கள். நேரே வேகமாக நடப்பார். சட்டென்று திரும்பச் சொன்னால் முடியாது. திரும்பத் தொடங்கினால் சட்டென்று நிற்கவும் முடியாது. அதே இரு குடங்களையும் இடுப்பில் அணைத்துக்கொண்டால் எளிதில் திரும்புவார். சுழலும் பொருளின் ஜடத்துவம் எடையை மட்டும் பொறுத்ததன்று. மையத்திலிருந்து அது விலகியிருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் ஜடத்துவம் கால் பங்காகும். எனவே இரண்டு பாதிகளும் இரண்டு அச்சுகளுக்கு உள்ளே, கூடியவரை நடுவை ஒட்டி இருக்க வேண்டும். அச்சுக்கு வெளியே போகலாகாது.

இடம் வலத்தையும் மறக்க வேண்டாம். ஓட்டுபவர் வலப்புறம் அமர்கிறார். தனியாக ஓட்டும் நேரமே அதிகம். ஆதலின் மின்னேற்றி போன்ற தனிப் பொருள்களை இடப்புறம் வைப்பது நல்லது.

ஸ்பிரிங், பிரேக், கட்டு

பின்னே பாரம் கூடினால் ஸ்பிரிங் அமுங்கி வால் தாழும். அதனால் முன் விளக்கு வானத்தை நோக்கும். எதிரே வருபவர் கண் கூசும். பள்ளத்தில் விழும்போது அச்சு மேலே சென்று ரப்பர்த் தடுப்பில் இடிக்கும். "கடினமான ஸ்பிரிங் போட்டால் போகிறது" என்பர். ஸ்பிரிங்கை மாற்றினால் அதிர்வடக்கியையும் அதற்குத் தக மாற்ற வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி குதித்துக்கொண்டே போகும். குதிக்கும் டயர் சாலையைப் பற்றாது.

பிரேக்கின் வேலை வண்டியின் ஓட்ட ஆற்றலை வெப்பமாக்குவது. அந்த ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். ஈய-அமிலத்திலேயே 70 கிலோமீட்டர் ஓட்ட விரும்பி 11 மின்கலங்களை, அதாவது 330 கிலோவை ஏற்றினால், நால்வருடன் வண்டி 1,180 கிலோ ஆகும். உச்ச எடை மீறிவிட்டது என்பது ஒருபுறம் இருக்க, முன்பு 930 கிலோவை நிறுத்திய அதே பிரேக் இப்போது கால் பங்குக்கு மேல் கூடுதல் வெப்பத்தை விழுங்க வேண்டும். மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதே எனலாம். உண்மைதான், ஆனால் அது இழுக்கும் சக்கரங்களில் மட்டுமே வேலை செய்யும், மின்கலம் நிறைந்திருக்கும்போது அதுவும் குறையும். அதை உபரியாகக் கருதலாமே அன்றி, நம்பியிருக்கலாகாது. இன்னொன்று: எஞ்சினின் உறிஞ்சு வெற்றிடத்தால் பிரேக்குக்குத் துணைவிசை பெறும் வண்டிகளில், எஞ்சின் போனால் அந்தத் துணையும் போய்விடும். மின்சார வெற்றிடப் பம்பு ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும்.

மின்கலத்தைக் கட்டுவது பற்றி ஒரே ஓர் எண் சொல்கிறேன். வண்டி எதன்மேலாவது மோதி நிற்கும் கணத்தில் எடையைப்போல் 20 மடங்கு விசை தாக்கலாம். 130 கிலோ மின்கலம் அந்தக் கணத்தில் 2,600 கிலோவாகி முன்னோக்கிப் பாயும். டிக்கியில் கயிற்றாலோ தகட்டுப் பட்டையாலோ கட்டிய மின்கலத்துக்கும் பின்னிருக்கையில் இருப்பவரின் முதுகுக்கும் இடையே ஒரு மெல்லிய பலகைதான் இருக்கிறது. மின்கலப் பெட்டியை வண்டியின் உறுதியான சட்டங்களோடு போல்ட் போட்டு இணைக்க வேண்டும். இருக்கைக்கும் அதற்கும் இடையே உறுதியான தடுப்பும் வேண்டும். ஈய-அமில மின்கலமானால் மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்; அது வண்டிக்குள் தேங்காமல் வெளியேறவும் வழி வேண்டும்.

எடைமேடையில் சரிபார்த்தல்

கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசியில் தராசே தீர்ப்பு. லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு வண்டியை ஓட்டிச் செல்லுங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு வண்டியை. பிறகு பின் சக்கரங்களை மட்டும். முதலும் கடைசியும் சேர்ந்தால் நடுவில் கண்ட எண் வர வேண்டும். பின் எடையை மொத்த எடையால் வகுத்து, அச்சுகளின் இடைத்தூரத்தால் பெருக்கினால், முன் அச்சிலிருந்து ஈர்ப்பு மையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கிடைக்கும். நம் உதாரணத்தில் பிரித்து வைத்த வண்டிக்கு அது 888 மில்லிமீட்டர். டிக்கியில் வைத்த வண்டிக்கு 1,154. இடைத்தூரத்தின் பாதி 1,087. முதலாவதில் மையம் பாதிக்கு முன்னே இருக்கிறது. இரண்டாவதில் பாதியைத் தாண்டிவிட்டது. மின்கலம் பொருத்துவதற்கு முன்னும் பின்னும், ஓட்டுபவர் மட்டும் இருந்தும் நால்வர் இருந்தும், இந்த அளவைச் செய்து எழுதி வைக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. பதிவான வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்ற 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடந்தரவில்லை. மின்சார மாற்றுத் தொகுதிகளுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்னும் தரவிதி உண்டு. சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற தொகுதியையே பொருத்தலாம். எங்கள் பணிமனை வண்டி பயிற்சிக்கானது. ஒப்புதலின்றி அது பொதுச்சாலையில் ஓடாது.

என் பரிந்துரை

நண்பர்களின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி "எவ்வளவு தூரம் போகும்?" என்பதன்று, "நாள்தோறும் நமக்கு எவ்வளவு தூரம் வேண்டும்?" என்பதே. விடுதியிலிருந்து வகுப்பு, நூலகம், கடைத்தெரு, இரயில் நிலையம், படித்துறை என எப்படிச் சுற்றினாலும் ஒரு நாளில் 50 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அதற்கு 5,000 வாட்-மணி. மழை, நெரிசல், மின்கலத்தின் முதுமை ஆகியவற்றுக்காக நூற்றுக்கு 30 சேர்த்தால் 6,500. லிதியம் இரும்பு பாஸ்பேட்டில் 72 கிலோ போதும்.

590-உடன் 72 சேர்ந்தால் 662 கிலோ. பெட்ரோல் வண்டியாக இருந்தபோது 650. பாதியை முன்னறையிலும் பாதியைப் பின்னிருக்கையின் அடியிலும் வைத்தால் முன்னே 392, பின்னே 270. பழைய கணக்கு 390, 260. அதே ஸ்பிரிங், அதே பிரேக், அதே நால்வர். டிக்கி காலி. வண்டியைச் செய்தவர்கள் கொடுத்த நடத்தையை நாம் குலைக்காமல், எரிபொருளை மட்டும் மாற்றியிருப்போம்.

ஈய-அமிலம் மலிவு என்பதால் அதையே வாங்கலாம் என்போர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். வாங்கும் நாளில் மலிவு என்பது மெய்தான். ஆனால் அதே 6,500 வாட்-மணிக்கு ஈயத்தில் 295 கிலோ வேண்டும். நால்வர் ஏறினால் உச்ச எடை மீறும். எனவே பணம் போதாதென்றால் தூரத்தைக் குறைப்போம். ஈயத்தை ஏற்ற வேண்டாம். 36 கிலோ லிதியத்தில் 30 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 295 கிலோ ஈயத்தில் 60 கிலோமீட்டர் ஓடும் வண்டியைவிட நல்ல வண்டி. பணம் சேர்ந்ததும் மீதி லிதியத்தை அடுத்த ஆண்டு மாணவர்கள் சேர்க்கலாம். அதற்கான இடத்தைப் பின்னிருக்கையின் அடியில் இப்போதே விட்டு வைப்போம்.

பிரயாகைக்கு இரயில் இருக்கிறது. நால்வரும் சேர்ந்தே போகலாம். நம் வண்டிக்கு வேறு வேலை உண்டு. அடுத்த கூட்டத்துக்கு வரும் நண்பர்கள், கூடுதலாக ஒரு மின்கலம் சேர்க்கச் சொல்வதானால், அதன் எடையையும் அதை வைக்கும் இடத்தையும் காகிதத்தில் எழுதிக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்னச்சு எவ்வளவு, பின்னச்சு எவ்வளவு என்று உடனே கூட்டிப் பார்த்து முடிவு செய்வோம்.